பயாலஜி பிடித்த பிள்ளை எதில் சேரலாம்? தண்டையார்பேட்டையில் உட்கார்ந்து போட்ட கணக்கு

அக்கா மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள். ஆறாவதிலிருந்து மாநகராட்சிப் பள்ளி, பியூர் சயின்ஸ் குரூப். ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே அக்காவும் அவளும் தண்டையார்பேட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவள் கையில் ஒரு சுயநிதிக் கல்லூரியின் நோட்டீஸ். பி.எஸ்சி. பயோடெக்னாலஜி, வருடத்துக்கு 60,000 ரூபாய். "மாமா, எனக்கு பயாலஜிதான் பிடிக்கும். இதுலயே சேர்ந்துடட்டுமா?" என்றாள். கட்டிக்கொண்டிருக்கும் சீட்டைத் தள்ளி எடுத்தால் முதல் வருடப் பணம் வந்துவிடும் என்று அக்கா வரும் வழியிலேயே கணக்குப் போட்டிருந்தாள்.

நாலு நாள் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். என்னிடம் அவர்கள் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. நான் 2005-ல் அரசுக் கல்லூரியில் விலங்கியல் முடித்தவன். அப்புறம் நாலு வருடம், மருந்துக் கம்பெனி ரெப், டியூஷன் சென்டர் என்று சுற்றிவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து டி.எம்.எல்.டி. என்ற லேப் டிப்ளமா படித்து லேப் டெக்னீஷியன் ஆனேன். விலங்கியல் படித்ததில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. அதை முடித்தால் எங்கே போய் நிற்போம் என்று முன்கூட்டியே யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை என்பதில்தான் வருத்தம். அந்தக் கணக்கை அவளுக்காக இப்போது போட்டேன். எங்கள் வடசென்னைப் பக்கம் இதே கேள்வியோடு நிற்கும் மற்ற வீடுகளுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

ஒரு படிப்புக்கு மூன்று விதமாகச் செலவு ஆகிறது. கல்லூரிக்குக் கட்டுகிற பணம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். படிக்கிற காலத்தில் சம்பாதிக்காமல் விடுகிற பணம் இரண்டாவது. எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனால் மாதம் 10,000 என்று வைத்துக்கொண்டால்கூட மூன்று வருடத்தில் 3,60,000 ஆகிறது. வடசென்னையில் பல வீடுகளில் பிள்ளை பட்டப்படிப்பைப் பாதியில் விடுவது ஃபீஸ் கட்ட முடியாமல் அல்ல, இந்தப் பணம் இல்லாமல் வீடு நடக்காததால்தான். மூன்றாவதைத்தான் யாரும் கேட்பதில்லை. பட்டம் வாங்கியவுடன் வேலைக்குப் போகலாமா, இல்லை இன்னும் இரண்டு, நான்கு, ஆறு வருடம் படித்தால்தான் அந்தப் பட்டத்துக்கு மதிப்பு வருமா? பயாலஜியைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது இந்த மூன்றாவது கேள்விதான்.

அரசுக் கல்லூரியில் விலங்கியல், தாவரவியல்

கையில் கட்டும் பணத்தைப் பார்த்தால் இதைவிட மலிவான பட்டம் கிடையாது. தமிழ்நாட்டின் அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைக்குக் கல்விக் கட்டணம் இல்லை. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு என்று சில ஆயிரங்களோடு வருடம் முடிந்துவிடும். எங்கள் பக்கத்திலேயே வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, ஆர்.கே. நகர் அரசு கலைக் கல்லூரி, பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி, அரசு உதவி பெறும் சர் தியாகராயா கல்லூரி எல்லாம் இருக்கின்றன. பஸ் ஏறினால் மாநிலக் கல்லூரியும் ராணி மேரி கல்லூரியும் தூரமில்லை. எல்லாக் கல்லூரியிலும் எல்லாப் பாடமும் இல்லை, துறைப் பட்டியலைப் பார்த்துத்தான் விருப்பம் கொடுக்க வேண்டும். விண்ணப்பம் ஆன்லைனில்தான், ஐம்பது ரூபாய்க்கு மேல் ஆகாது.

இதன் மேல் புதுமைப் பெண் திட்டம் இருக்கிறது. 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு, பட்டம் முடிக்கும் வரை மாதம் 1,000 ரூபாய் நேரே வங்கிக் கணக்கில் விழும். மூன்று வருடத்தில் 36,000. 2024 டிசம்பர் முதல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் உண்டு. பையன்களுக்கு அதே தொகை தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் 2024 ஆகஸ்டிலிருந்து வருகிறது. சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆக, விலங்கியல் பட்டத்துக்கு அக்கா கையிலிருந்து கிட்டத்தட்ட ஒன்றும் போகாது.

சரி, மூன்று வருடம் முடிந்தபின்?

டிகிரி மட்டும் கேட்கிற தேர்வுகள் எல்லாம் திறக்கும். குரூப் 2, வங்கி, ரயில்வே. அதில் பயாலஜிக்கென்று தனிச் சலுகை எதுவும் கிடையாது, வரலாறு படித்தவரும் அதே வரிசையில்தான் நிற்பார். பாடத்தோடு சேர்ந்த வேலை வேண்டுமென்றால் முதலில் வருவது ஆசிரியர் வேலை. பி.எட். இரண்டு வருடம். டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறி, அதற்கு மேல் போட்டித் தேர்விலும் ஜெயித்தால் பட்டதாரி ஆசிரியர், தொடக்கச் சம்பளம் 36,400 ரூபாய் நிலையில். எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் முடித்து ஆசிரியர் தேர்வு வாரியத்தின் டி.ஆர்.பி. தேர்வை எழுதினால் முதுநிலை ஆசிரியர், 36,900 நிலையில். முதலாவதற்கு ஐந்து வருடப் படிப்பு, இரண்டாவதற்கு ஏழு. அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருக்கும் வருடங்களை இதில் சேர்க்கவில்லை. மைசூரில் உள்ள மண்டலக் கல்வி நிறுவனத்தில் பி.எஸ்சி.யையும் பி.எட்.டையும் நான்கே வருடத்தில் சேர்த்துப் படிக்கலாம், அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. ஆசிரியர் வேலையில் உறுதியாக இருக்கிற பிள்ளைக்கு அது ஒரு வருடத்தை மிச்சப்படுத்தும். எங்கள் பக்கத்தில் அதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

கல்லூரி ஆசிரியர் என்றால் எம்.எஸ்சி.க்கு மேல் நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வு, இல்லாவிட்டால் பி.எச்டி. நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 57,700-ல் தொடங்குகிறது. அதே வகுப்பறையில் அதே பாடத்தை நடத்தும் கௌரவ விரிவுரையாளருக்கு 2024-ல் 25,000-தான். 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது, தேர்வோ தள்ளிக்கொண்டே போனது. அந்த இடைவெளியில் வயது ஏறிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் நிலைமை வேறு. ஆராய்ச்சி மாணவருக்கு மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் வரும். லைஃப் சயின்சஸ் தாளில் போட்டி கடுமை, ஆனால் படித்துக்கொண்டே குடும்பத்துக்கும் பணம் அனுப்பக்கூடிய வழி அது.

என்னோடு விலங்கியல் படித்தவர்களில் இன்று ஆசிரியராகவோ ஆராய்ச்சியிலோ இருப்பவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். என்னைவிட நன்றாகப் படித்தவர்கள் என்று சிலரைச் சொல்லலாம், எல்லோரையும் அல்ல. எல்லோருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான். அவர்கள் படித்துக்கொண்டிருந்த ஏழெட்டு வருடமும் வீட்டில் இன்னொருவர் சம்பளம் வந்துகொண்டிருந்தது. என் வீட்டில் அது இல்லை. அப்பா ஹார்பரில் வேலையை விட்டு நின்ற வருடம் நான் எம்.எஸ்சி. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து வைத்திருந்தேன். அந்த விண்ணப்பம் போகவே இல்லை.

பட்டம் முடித்ததும் உடனே சம்பளம் வேண்டும் என்றால் சென்னையில் பல பேர் போவது மெடிக்கல் கோடிங். அமெரிக்க மருத்துவமனைகளின் சிகிச்சைக் குறிப்பைப் படித்து இன்சூரன்ஸுக்கான குறியீடு போடுகிற வேலை. உடற்கூறும் உடலியங்கியலும் தெரிந்த பட்டதாரியைக் கேட்பார்கள், விலங்கியல் அங்கே உதவும். எங்கள் தெருவில் இரண்டு பெண்கள் அதில் இருக்கிறார்கள். மரியாதையான வேலைதான். இரண்டு பேருமே எனக்குச் சொன்னது: பயிற்சி கொடுக்கிறோம் என்று முன்பணம் கேட்கும் இடங்களில் கட்டுவதற்கு முன், கம்பெனிகளே நேரடியாக எடுத்துப் பயிற்சி தருகிறார்களா என்று விசாரிக்க வேண்டும்.

அறுபதாயிரம் ரூபாய் பயோடெக்னாலஜி

பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி என்ற பெயர்களைக் கேட்டவுடனே வேலை நிச்சயம் என்று ஒரு எண்ணம் வருகிறது. கொரோனாவுக்குப் பிறகு அது இன்னும் கூடியது. பாடங்கள் அருமையானவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் பெயருக்குக் கூடுதல் பணம் கட்டும் முன் அந்தப் பெயர் எந்தக் கதவைத் திறக்கிறது, எதை மூடுகிறது என்று பார்க்க வேண்டும்.

இந்திய வனப் பணித் தேர்வுக்குத் தகுதிப் பாடங்களாகத் தாவரவியல், விலங்கியல், வேதியியல், கால்நடை அறிவியல் என்று பெயர் சொல்லிப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். பயோடெக்னாலஜியும் மைக்ரோபயாலஜியும் அந்தப் பட்டியலில் இல்லை. பள்ளி ஆசிரியர் வேலைக்கும் தாவரவியல், விலங்கியல் என்றுதான் கேட்பார்கள். மற்றப் பெயர்களில் பட்டம் வாங்கியவர்கள் அது இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று தேடி அலைய வேண்டியிருக்கிறது. இதற்கு நேர் எதிராக, உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவிக்கு 2011-ன் விதிகளில் பயோடெக்னாலஜி, பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி பட்டங்கள் செல்லும். விலங்கியலும் தாவரவியலும் அங்கே செல்லாது. உணவுப் பரிசோதனை ஆய்வகங்களிலும் மைக்ரோபயாலஜிக்குத்தான் முதல் மதிப்பு. ஏற்றுமதிக்குப் போகும் இறாலையும் மீனையும் சால்மோனெல்லா இருக்கிறதா, தடை செய்த ஆன்டிபயாட்டிக் எச்சம் இருக்கிறதா என்று சோதிக்காமல் அனுப்ப முடியாது. காசிமேடு பக்கத்தில் இருக்கிற ஊருக்கு இது நிஜமான வேலை.

அதனால் மைக்ரோபயாலஜி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரசுக் கல்லூரியிலோ, உதவி பெறும் கல்லூரியின் குறைந்த கட்டணப் பிரிவிலோ கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம். கடன் வாங்கி எடுப்பதைத்தான் நான் தடுக்கிறேன். மூன்று வருடத்துக்கு 1,80,000. பத்து சதவீத வட்டியில் ஐந்து வருடத் தவணை என்றால் மாதம் 3,800 ரூபாய்க்கு மேல். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. முதல் வேலையில் 15,000 வருகிறது என்று வைத்துக்கொண்டால் அதில் நாலில் ஒரு பங்கு கடனுக்கே போகிறது. மீதியில்தான் பஸ்ஸும் சாப்பாடும் வீட்டுக்குக் கொடுப்பதும்.

சித்தப்பா மகன் ஒருவன் இப்படித்தான் பயோடெக் சேர்ந்தான். கல்லூரியைச் சுற்றிக் காட்டியபோது கண்ணாடி அறைக்குள் பி.சி.ஆர். மெஷினைக் காட்டினார்களாம். மூன்று வருடத்தில் அதை இயக்க அவனுக்கு ஒரு தடவைகூடக் கொடுக்கவில்லை. நேர்காணலில் கேட்டபோது தியரி சொன்னான், கையால் செய்தது உண்டா என்றதற்கு பதில் இல்லை. கல்லூரி பார்க்கப் போகிறவர்கள் மெஷின் இருக்கிறதா என்று கேட்காமல், கடைசி வருட மாணவர் ஒருவரைப் பிடித்து 'நீ என்னென்ன செய்திருக்கிறாய்' என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம், இதுதான் அக்கா மகளை யோசிக்க வைத்தது. பயோடெக்னாலஜி என்ற பெயரை பதினேழு வயதிலேயே காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியமில்லை. விலங்கியலில் நன்றாகப் படித்துவிட்டு ஜாம் என்ற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வில் பயோடெக்னாலஜி தாளை எழுதி ஐ.ஐ.டி.க்கோ, காட்-பி என்ற இன்னொரு நுழைவுத் தேர்வை எழுதி மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவில் நடக்கும் எம்.எஸ்சி.க்கோ போகலாம். காட்-பி மூலம் சேர்கிறவர்களுக்கு மாதம் 5,000 உதவித்தொகையும் உண்டு. இளநிலையில் நாம் காசு கட்டும் அதே பெயருக்கு முதுநிலையில் அவர்கள் காசு தருகிறார்கள்.

லேப், நர்சிங்

இது நான் நிற்கிற இடம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காலை ஆறரைக்கு ஃபாஸ்டிங் சாம்பிளுக்கு வரிசை நிற்கும். வயதானவர்களுக்கு நரம்பு கிடைக்காது, குழந்தைகள் கத்தும். எட்டு மணிக்கெல்லாம் சென்ட்ரிஃபியூஜ் ஓட ஆரம்பித்துவிடும். செல் கவுன்டர் ஒரு எண்ணைச் சொல்லும், அது சரியில்லை என்று மனசுக்குப் பட்டால் ஸ்லைடு போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். மலேரியா ஒட்டுண்ணியை சிவப்பணுவுக்குள் மோதிரம் மாதிரி முதன்முதலாகப் பார்த்த அன்று, கல்லூரியில் புரோட்டோசோவா நடத்திய சார் ஞாபகம் வந்தது. பயாலஜி பிடித்த ஒருவருக்கு இது சலிக்காத வேலை. சம்பளம் தனியாரில் பெரிதாக இல்லை, பன்னிரண்டு பதினைந்தாயிரத்தில்தான் நானும் தொடங்கினேன். ஆனால் படிப்பு முடித்த மறுமாதமே தொடங்கினேன். விலங்கியல் முடித்தபின் எனக்கு அது நடக்கவில்லை.

டி.எம்.எல்.டி. இரண்டு வருடம். பி.எஸ்சி. மெடிக்கல் லேப் டெக்னாலஜி என்றால் மூன்று வருடப் படிப்பும் ஒரு வருட இன்டர்ன்ஷிப்பும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து கவுன்சலிங். அங்கே கட்டணம் குறைவு, நோயாளிகள் ஏராளம், கை பழகிவிடும். ஸ்டான்லி மருத்துவமனை லேபுக்கு வெளியே ஒரு காலை நேரம் நின்று பார்த்தால் நான் சொல்வது புரியும். அரசு வேலை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக வருகிறது. லேப் டெக்னீஷியன் இடங்களை எழுத்துத் தேர்வு இல்லாமல் மதிப்பெண் அடிப்படையில் நிரப்பிய அறிவிப்புகளும் உண்டு, அதனால் பத்தாவது மார்க்கைக்கூட அலட்சியம் செய்யக்கூடாது.

ஒரு எச்சரிக்கை. எங்கள் பக்கத்தில் மாடிப்படிக்குப் பக்கத்தில் போர்டு மாட்டி டி.எம்.எல்.டி. நடத்துகிறார்கள். மருத்துவக் கல்வி இயக்ககத்தின் அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் அந்தச் சான்றிதழ் அரசு வேலைக்குச் செல்லாது. 2021-ல் துணை மருத்துவப் பணியாளர்களுக்கென்று மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. இந்தத் தொழில்களுக்கு ஒரே தரத்தில் படிப்பும் பதிவும் வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். இனி வரும் காலத்தில் அங்கீகாரமில்லாத சான்றிதழுக்குத் தனியாரிலும் இடம் குறையும் என்பது என் அபிப்பிராயம்.

பி.எஸ்சி. நர்சிங் நாலு வருடம். சம்பளக் கணக்கை மட்டும் பார்த்தால் நான் எழுதுகிற பட்டியலில் அதற்கு மேலே வைக்க அதிகம் இல்லை. உள்ளூரிலும் கேட்பார்கள், வெளிநாட்டிலும் கேட்பார்கள். தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனமே நர்சுகளை அனுப்புகிறது. ஆனால் அக்கா மகள் நேராகச் சொல்லிவிட்டாள். "மாமா, பாட்டி ஆஸ்பத்திரில இருந்தப்ப ரெண்டு ராத்திரி கூட இருந்தேன்ல? எனக்கு அது வராது." மனசில்லாமல் செய்தால் நோயாளிதான் கஷ்டப்படுவார். அதை அங்கேயே விட்டோம்.

மீன்வளம், கால்நடை

இந்த இரண்டும் எங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருந்தும் எங்கள் பிள்ளைகள் அதிகம் விண்ணப்பிப்பதில்லை. எனக்குப் பெரிய ஆதங்கம் இதுதான்.

1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் மாதவரம் பால் பண்ணையில். பொன்னேரியில் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி. கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினால் பொன்னேரி ஸ்டேஷன். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு இரண்டிலும் நீட் கிடையாது. கால்நடைக்கு உயிரியல் நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பது, ஆக இருநூற்றுக்குக் கட் ஆஃப்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021 முதல் இந்தப் படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. டாக்டர் படிப்புக்கு 7.5 இருப்பது எல்லோருக்கும் தெரியும். மீன்வளத்துக்கும் கால்நடைக்கும் இருப்பது அக்கா மகளின் வகுப்பில் பலருக்குத் தெரியவில்லை. மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் இருக்கிறது. காசிமேட்டிலும் எண்ணூர் குப்பங்களிலும் இருப்பவர்கள் மீனவர் நல வாரிய அட்டையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், படிப்பு உதவித்தொகைக்கும் அது உதவும்.

கால்நடை மருத்துவம் ஐந்தரை வருடம். நீளம்தான், ஆனால் வெளியே வரும்போது டாக்டர், சொந்தமாகவே கிளினிக் போடலாம். கட் ஆஃப் மிக உயரம். பி.எஃப்.எஸ்சி. என்ற மீன்வளப் பட்டம் நான்கு வருடம். முடித்தவர்கள் மீன்வளத் துறைக்கும், இறால் குஞ்சுப் பொரிப்பகங்களுக்கும், தீவனக் கம்பெனிகளுக்கும் போகிறார்கள். பொதுத்துறை வங்கிகளில் விவசாயக் கள அலுவலர் என்று ஒரு பதவி இருக்கிறது, அதற்கு நான்கு வருட மீன்வள அறிவியல் பட்டமும் கால்நடைப் பட்டமும் செல்லும். மூன்று வருட விலங்கியல் செல்லாது. ஒரே ஒரு வருடம் கூடுதல், ஆனால் எத்தனை கதவு வித்தியாசம் பாருங்கள்.

அக்கா வீட்டுக்காரர் காசிமேடு துறைமுகத்தில் ஐஸ் லோடு இறக்குகிறவர். இவள் சின்ன வயதில் அவரோடு போய் வலையிலிருந்து கொட்டுவதில் வேண்டாததைப் பொறுக்கி வருவாள். கடல் குதிரை, நட்சத்திர மீன், பேர் தெரியாத நண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததே, அப்போது அவள் பத்தாவதோ பதினொன்றாவதோ. கண்டல் மரங்களின் வேரெல்லாம் கறுப்பாக இருந்த படத்தை போனில் வைத்துக்கொண்டு 'இந்த மரம் பிழைக்குமா மாமா' என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அதற்கு முன்பே காக்கா ஆழி என்று மீனவர்கள் சொல்லும் தென்னமெரிக்கச் சிப்பி அங்கே இறால் திரியும் மண்ணை மூடிவிட்டிருந்தது. இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடுகிற வேலை வடசென்னையில் நிறையப் பாக்கி இருக்கிறது. தொழிற்சாலைகளின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளில் பல்லுயிர் பகுதியை எழுதவே நிபுணர்கள் வேண்டும். இங்கேயே பிறந்து, அந்தத் தண்ணீரைத் தெரிந்தவர் ஒருவர் அதை எழுதினால் எப்படி இருக்கும் என்று நான் பல தடவை நினைத்ததுண்டு. அதற்கு மீன்வளமும் வழி, விலங்கியலில் எம்.எஸ்சி.யும் வழி.

இன்னொரு வருடம் நீட்?

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். முதல் முறை எழுதிய மதிப்பெண், அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் போன வருடம் கடைசியாக இடம் கிடைத்தவரின் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் ஒரு வருடம் கொடுக்கலாம். நூறு, நூற்றைம்பது தள்ளி இருந்தால் அந்தக் கோச்சிங் பணத்தையும் வருடத்தையும் வேறெதிலாவது போடுவது நல்லது. அவள் எழுதவில்லை என்பதால் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்லூரிகளின் நுழைவுத் தேர்வுக்கும் அவள் விண்ணப்பிக்கவில்லை. பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும், பதினொன்றாவது படிக்கிற பிள்ளைகள் இப்போதே குறித்து வைத்துக்கொள்ளலாம். பிளஸ் டூவில் போர்டின் முதல் ஒரு சதவீதத்துக்குள் வருகிறவர்களுக்கு இன்ஸ்பயர் உதவித்தொகை வருடத்துக்கு 80,000. அறிவியல் பி.எஸ்சி.யில் சேர்ந்தாலே விண்ணப்பிக்கலாம்.

நாங்கள் எடுத்த முடிவு

நாலாவது நாள் அக்கா வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். முதல் விருப்பம் பி.எஃப்.எஸ்சி. அதே வகை விண்ணப்பம்தான் என்பதால் கால்நடையும், கிடைத்தால் பார்க்கலாம் என்று. அடுத்தது அரசு மருத்துவக் கல்லூரியில் லேப் டெக்னாலஜி. இது எதுவும் வராவிட்டால் அரசு மகளிர் கல்லூரியில் விலங்கியல், அதிலிருந்து பி.எட். அல்லது ஜாம், எது என்று இரண்டாம் வருடத்தில் முடிவு செய்யலாம். அக்கா வீட்டுக்காரர் இன்னும் எத்தனை வருடம் லோடு இறக்க முடியும் என்பதையும் வெளிப்படையாகப் பேசினோம். பேசக் கஷ்டமாக இருந்தது. அவரே, "அஞ்சு வருஷம் தாங்கும் மச்சான், அதுக்கு மேல கேக்காதீங்க" என்றார். அந்த ஐந்து என்ற எண்ணை வைத்துத்தான் வரிசையைப் போட்டோம். நான்கு வருட மீன்வளம் அதற்குள் அடங்கும், லேபும் அடங்கும். ஏழு வருட ஆசிரியர் வழி அடங்காது. விலங்கியலில் போனால் நடுவில் எங்காவது அவள் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க வேண்டிவரும் என்பதை அவளிடமும் சொல்லிவிட்டோம்.

உங்கள் வீட்டில் அந்த எண் எட்டு என்றால் வரிசை மாறும். விலங்கியல் எடுத்து, எம்.எஸ்சி. முடித்து, ஜே.ஆர்.எஃப். வரை போகச் சொல்வேன். மூன்று என்றால் டி.எம்.எல்.டி. முதலில் வரும், பட்டத்தைப் பிறகு வேலையில் இருந்தபடியே தொலைதூரக் கல்வியில் பார்த்துக்கொள்ளலாம்.

கலை அறிவியல் கல்லூரிகளில் சேர்க்கை முன்பே முடிந்து வகுப்பும் தொடங்கிவிடும். மீன்வளம், கால்நடை, துணை மருத்துவக் கவுன்சலிங் எல்லாம் பிறகுதான். இந்த இடைவெளியில் பயந்துபோய் சுயநிதிக் கல்லூரியில் முதல் தவணையைக் கட்டிவிட்டு, அப்புறம் நல்ல இடம் கிடைத்தும் கட்டிய பணத்துக்காக நகர முடியாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். அரசுக் கல்லூரியில் சேர்ந்து காத்திருந்தால், விட்டுப் போகும்போது இழப்பது சில ஆயிரம்தான். சேரும் முன் மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று எல்லாவற்றையும் பல பிரதிகள் எடுத்து, ஸ்கேனும் செய்து வைத்தோம்.

அக்கா சீட்டுப் பணத்தை எடுக்கவில்லை. மகள் இப்போது விலங்கியல் முதல் வருட வகுப்புக்குப் போய்வருகிறாள். முதல் வாரத்திலேயே கணுக்காலிகள் பற்றி என்னிடம் மூன்று கேள்வி கேட்டாள், இரண்டுக்குத்தான் பதில் தெரிந்தது. மீன்வளப் படிப்புக்கான தரவரிசைப் பட்டியலுக்காக தினமும் ராத்திரி போனைப் பார்க்கிறாள். பொன்னேரி கிடைத்தால் காலை எத்தனை மணி வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் போய் விசாரித்துவிட்டும் வந்திருக்கிறாள்.